பொருள்: ‘ஹைப்பர்கிளைசீமியா’வுக்குத் தமிழ்ச்சொல்

(கடலூர், மஞ்சக்குப்பத்திலிருந்து)

கலைச்சொல் குழுவினருக்கு வணக்கம். நோயாளிகளுக்கான கையேடுகளில் ‘ஹைப்பர்கிளைசீமியா’ வரும் இடத்தில் ‘நீரிழிவு’ என்றே போட்டுவிடுகிறார்கள். இது பிழை. முன்னது ரத்தத்தில் அப்போது சர்க்கரை அளவு கூடியிருப்பது, பின்னது நோய். நிமோனியா, மாரடைப்பு, ஸ்டீராய்டு மருந்து ஆகியவற்றால் நீரிழிவு இல்லாதவருக்கும் சர்க்கரை 200-ஐ (டெசிலிட்டருக்கு மில்லிகிராமில்) தாண்டலாம். உடம்பு தேறியதும் இறங்கியும் விடலாம். அவரை நீரிழிவுக்காரர் என்று எழுதிவிட்டால் வேண்டாத மாத்திரையும் வீண் பயமும்தான் மிச்சம்.

பேச்சில் இந்த வேறுபாடு இருக்கிறது. ‘சுகர் இருக்கு’ என்றால் நோய், ‘சுகர் ஏறியிருக்கு’ என்றால் அளவு. எனவே ‘சர்க்கரை ஏற்றம்’ என்று வைக்கலாமா? ‘உயர் சர்க்கரை’ வேண்டாம். ‘உயர் ரத்த அழுத்தம்’ நோயின் பெயராகவே நிலைத்துவிட்டது. இதையும் அப்படித்தான் படிப்பார்கள்.

(புதுச்சேரி, ஆய்வகத்திலிருந்து)

அம்மா, வணக்கம். பிரித்தே ஆகவேண்டும். ஆனால் ‘ஏற்றம்’ பொருந்தாது. நாலு இட்லி சாப்பிட்டால் யாருக்கும் சர்க்கரை ஏறும். நோயில்லாதவருக்கு 2 மணி நேரத்தில் 140-க்குள் வந்துவிடும். அந்த ஏற்றம் இயல்பானது. எல்லை மீறியதைச் சொல்ல ‘சர்க்கரை மிகை’ என்பேன். எதிர்ச்சொல் ‘சர்க்கரை குறை’.

சொல்லோடு விளக்கமும் போகட்டும். 8 மணி நேர வெறும் வயிற்றில் 126 அல்லது அதற்கு மேல், 75 கிராம் குளுக்கோஸ் குடித்து 2 மணி நேரம் கழித்து 200 அல்லது அதற்கு மேல், ஹெச்பிஏ1சி (கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் சோதனை) 6.5 விழுக்காடு அல்லது அதற்கு மேல்: இவை நீரிழிவின் வரம்புகள். அறிகுறி இல்லாதவருக்கு ஒரே முடிவை வைத்து நோய் என்று முடிவுகட்டக் கூடாது. இன்னொரு சோதனையும் அதையே காட்டவேண்டும்.

ரத்தம் எடுத்த குழாயையும் கவனியுங்கள். பண்ருட்டிப் பக்கம் சாதாரணக் குழாயில் எடுத்து, அணுக்களைப் பிரிக்காமலே கடலூருக்கு அனுப்பினால், ரத்த அணுக்கள் வழியிலேயே சர்க்கரையைத் தின்றுவிடும். மணிக்கு 5 முதல் 7 விழுக்காடு குறையும். 130 இருந்தது 2 மணி நேரத்தில் 115 ஆகிவிடலாம். மிகை இருந்தும் தெரியாமல் போகும். இதைத் தடுக்க ஃபுளோரைடு போட்ட சாம்பல் மூடிக் குழாயில் எடுத்தாலும் முதல் ஒன்றிரண்டு மணி நேரம் ஓரளவு குறையத்தான் செய்யும். சீக்கிரம் பிரித்துவிடுவதே நல்லது.

(கடலூர்)

ஐயா, ‘சர்க்கரை மிகை’யை ஏற்கிறேன். ‘சர்க்கரை குறை’ மட்டும் கூடவே கூடாது. ‘சர்க்கரையைக் குறை’ என்று ஏவுவதாகக் காதில் விழும். 70-க்குக் கீழே போய் வியர்த்து நடுங்குகிறவர் உடனே 15 கிராம், அதாவது 3 தேக்கரண்டிச் சர்க்கரையைக் கரைத்துக் குடித்து, 15 நிமிடத்தில் மறுபடி பார்க்கவேண்டும். அவர் கையிலுள்ள தாளில் ‘குறை’ என்று இருந்தால் ஆபத்து. ‘சர்க்கரைத் தாழ்வு’ என்று வைப்போம். மறுப்பு இல்லையென்றால் இரண்டையும் பட்டியலில் ஏற்றிவிடுகிறேன்.