புதிய காற்றுக்குளிர்வு ஸ்போர்ட்ஸ் கார் எஞ்சின் சாத்தியமா? இரண்டு எக்ஸாஸ்ட் வால்வுகளுக்கு நடுவே ஒரு விவாதம்

வைகைக்கரை:

1963இல் அறிமுகமான போர்ஷே 911, தலைமுறை தலைமுறையாகக் காற்றுக்குளிர்வு எஞ்சினோடுதான், அதாவது நீர் இல்லாமல் காற்றாலேயே குளிரும் எஞ்சினோடுதான் ஓடியது. 993 வரிசை 1998இல் நின்றதும் அந்த மரபும் நின்றுவிட்டது. அதை மீண்டும் தொடங்க வேண்டும், அதுவும் பழைய எஞ்சினைச் செப்பனிட்டு அல்ல, முதல் கோட்டிலிருந்து புதிதாக வரைந்து தொடங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. நான் மனத்தில் வைத்திருப்பது 4 லிட்டர், ஆறு சிலிண்டர், சிலிண்டருக்கு நான்கு வால்வு, டர்போ இல்லாமல் 500 குதிரைத்திறன்.

நீரால் குளிரும் எஞ்சினும் கடைசியில் தன் வெப்பத்தைக் காற்றிடம்தான் ஒப்படைக்கிறது. ரேடியேட்டரில் நீர் ஏறக்குறைய 90 முதல் 100 டிகிரியில் இருக்கும். காற்றுக்குளிர்வு ஹெட்டின் (சிலிண்டரின் மேல்மூடியின்) ஃபின்களோ, அதாவது வெப்பத்தைக் காற்றுக்கு விடும் மெல்லிய தகடுகளோ, கடும் உழைப்பில் 150 டிகிரியைத் தாண்டிவிடும். உலோகத்துக்கும் வெளிக்காற்றுக்கும் உள்ள வெப்ப வேறுபாடு கூடக்கூட, அதே வெப்பத்தை வெளியேற்றக் குறைந்த காற்றே போதும். போர்ஷே பொறியாளர் ஹான்ஸ் மெட்ஸ்கர் வடிவமைத்து, 1969இல் வெளிவந்த 917 பந்தயக் காரின் 12 சிலிண்டர் எஞ்சினைப் பாருங்கள். அதன் மேல் கிடையாகச் சுழன்ற ஒற்றை விசிறி சுமார் 17 குதிரைத்திறனை எடுத்துக்கொண்டது. எஞ்சின் தந்ததோ 500க்கும் மேல். 1973இல் அதே எஞ்சின் 5.4 லிட்டராக வளர்ந்து, இரட்டை டர்போவோடு 1,100 குதிரைத்திறனைத் தொட்டது. அரை நூற்றாண்டுக்கு முன் முடிந்தது இன்று ஏன் முடியாது?

கொதிநிலை:

917 பற்றி நீங்கள் எழுதியது சரி, ஆனால் பாதிதான் எழுதியிருக்கிறீர்கள். அந்த எஞ்சினில் சிலிண்டருக்கு இரண்டே வால்வுகள். எரிந்த வாயுவை வெளியே விடும் எக்ஸாஸ்ட் வால்வு ஒன்று மட்டும் இருக்கும்போது, அதைச் சுற்றிக் காற்று போக வழி விட்டு ஃபின்களை வார்க்க முடியும். நான்கு வால்வு வைத்தால் இரண்டு எக்ஸாஸ்ட் வால்வுகள் அருகருகே வந்துவிடும். அவற்றின் சீட்டுகளுக்கு (வால்வு மூடி அமரும் வளையங்களுக்கு) நடுவே சில மில்லிமீட்டர் அகலத்தில் ஓர் அலுமினியப் பாலம்தான் மிஞ்சும். எஞ்சினிலேயே மிகுந்த வெப்பத்தைத் தாங்க வேண்டிய உலோகம் அதுதான். எத்தனை பெரிய விசிறியை வைத்தாலும் காற்று அங்கே நேராக எட்டாது, நீரை எட்டவைக்கலாம்.

இது என் ஊகம் அல்ல. 1978இல் 935 பந்தயக் காருக்கு நான்கு வால்வு ஹெட் தேவைப்பட்டபோது, போர்ஷே பொறியாளர்களே சிலிண்டர்களைக் காற்றுக்கு விட்டுவிட்டு ஹெட்டுக்கு மட்டும் நீரைக் கொண்டுவந்தார்கள். 956, 962, பிறகு 1986இல் வந்த 959 எல்லாம் அதே வழியில் போனவைதான். காற்றுக்குளிர்வை அவர்கள் அளவுக்கு நேசித்தவர்கள் யார்? அவர்களே ஹெட்டுக்கு நீர் வேண்டும் என்று முடிவு செய்தார்கள் என்றால், அந்த முடிவின் எடையை நாம் உணர வேண்டும்.

நாமக்கல் பட்டறை:

நான் கார் எஞ்சினில் கை வைத்தவன் அல்லன். இருசக்கர வாகனப் பட்டறை நடத்துகிறேன். ஆனாலும் கொதிநிலை சொல்லும் இடத்தை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். கொல்லிமலையின் எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் இரண்டு பேரை ஏற்றிக்கொண்டு அடிக்கடி ஏறும் வண்டிகளில், எஞ்சினுக்கு உழைப்பு மிகுதி, வேகம் குறைவு, அதனால் காற்றும் குறைவு. அப்படிப்பட்ட வண்டி ஒன்றின் ஹெட்டைக் கழற்றி, கரியைச் சுரண்டி, மண்ணெண்ணெய் தடவித் துடைத்துவிட்டுச் சுண்ணாம்புத்தூள் தூவினேன். எக்ஸாஸ்ட் வால்வு சீட்டின் ஓரத்திலிருந்து ஸ்பார்க் பிளக் துளை வரை மயிரிழை போல ஓர் ஈரக்கோடு எழுந்து நின்றது; விரிசலுக்குள் தங்கிய மண்ணெண்ணெய் தூளில் ஊறிய கோடு அது. ஃபின்களின் இடுக்கில் சேறு காய்ந்து அடைத்திருந்தது. ஒரே எக்ஸாஸ்ட் வால்வு உள்ள சிறிய எஞ்சினுக்கே இந்தக் கதி.

வைகைக்கரை:

பட்டறை அண்ணன் சொன்ன விரிசலை மறுக்க மாட்டேன். ஆனால் அந்த வண்டியில் விசிறி இல்லை. காருக்கு விசிறி உண்டு, அதனால் மலையேற்றத்திலும் காற்று நிற்காது.

கொதிநிலையின் வாதத்துக்கு 2018இல் ஒரு பதில் வந்தது. பழைய 911களைப் புதுப்பித்துத் தரும் கலிபோர்னியாவின் சிங்கர் நிறுவனம், ஃபார்முலா 1 அணியான வில்லியம்ஸின் பொறியியல் பிரிவோடு சேர்ந்து, மெட்ஸ்கரையே ஆலோசகராக வைத்துக்கொண்டு, நான்கு வால்வு கொண்ட 4 லிட்டர் காற்றுக்குளிர்வு எஞ்சினை உருவாக்கியது. 500 குதிரைத்திறன், நிமிடத்துக்கு 9,000 சுழற்சி. நான் மேலே குறிப்பிட்ட அளவுகள் கற்பனையில் எடுத்தவை அல்ல.

இன்னொன்றும் உண்டு. வார்ப்பில் உள்வெளியை உருவாக்கும் மணல் அச்சு உடையாமல் நிற்கக்கூடிய வடிவத்தை மட்டுமே அன்று ஹெட்டுக்குத் தர முடிந்தது. 2020இல் மாலே, டிரம்ப்ஃப் நிறுவனங்களோடு சேர்ந்து போர்ஷே 911 ஜிடி2 ஆர்எஸ் எஞ்சினுக்கு முப்பரிமாண அச்சில் செய்த பிஸ்டனின் தலைக்குள், வார்ப்பில் செய்யவே முடியாத ஆயில் வழி ஒன்று வளைந்து ஓடியது. அதே முறையில் அந்த அலுமினியப் பாலத்துக்கு உள்ளேயே ஆயிலை ஓடவிடலாம். 911க்குத் தொடக்கத்திலிருந்தே ஆயில் கூலர் உண்டு. ஆகவே ஆயிலைப் பயன்படுத்துவது மரபை மீறுவது ஆகாது.

மழைக்காலம்:

இந்த வேட்கைக்கு முன்பு யாரோ கொடுத்த விலையை யாரும் குறிப்பிடவில்லை. ஹோண்டா நிறுவனர் சொய்ச்சிரோ ஹோண்டாவும் வைகைக்கரையின் முதல் வாதத்தையே பிடித்துக்கொண்டிருந்தார்: நீரையும் காற்றுதானே குளிர்விக்கிறது என்று. 1968இல் அவர் பந்தயத்துக்கு அனுப்பிய காற்றுக்குளிர்வு ஆர்ஏ302 காரை, ஆயத்தமாகவில்லை என்று அணியின் ஓட்டுநர் ஜான் சர்டீஸ் ஓட்ட மறுத்தார். பிரான்சின் ரூவான் பந்தயத்தில் அதை ஓட்டிய ஜோ ஷ்லெஸ்ஸர் விபத்தில் இறந்தார். அடுத்த ஆண்டு வந்த ஹோண்டா 1300 சாலைக் காரில், சிலிண்டர் சுவருக்குள்ளேயே காற்றுப் பாதை அமைத்தார்கள். எஞ்சின் நன்றாக இழுத்தது. ஆனால் எடையும் செலவும் கூடி, எளிமை என்ற காற்றுக்குளிர்வின் தலையாய நன்மையே கைவிட்டுப் போனது. 1972இல் வந்த சிவிக் நீரால் குளிர்ந்தது.

கொதிநிலை:

மழைக்காலம் சொன்னதைச் சிங்கரோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். அந்த நிறுவனமே 2025இல் எஞ்சின் நிறுவனமான காஸ்வொர்த்தோடு சேர்ந்து செய்த 4 லிட்டர் எஞ்சினில் ஹெட்டுக்கு நீரும் சிலிண்டருக்குக் காற்றும் வைத்தது. 1978இன் விடைக்கே அவர்களும் வந்து சேர்ந்திருக்கிறார்கள். மேலும், சிங்கரின் கார்கள் 964 என்ற பழைய 911 வரிசைக் கார்களின் பதிவிலேயே ஓடுபவை. புதிய கார் என்று விற்பவர் இன்றைய புகை விதியையும் ஒலி விதியையும் தாண்டியாக வேண்டும். சிலிண்டரைச் சுற்றியுள்ள நீர் உறை, எஞ்சினின் ஒலியை விழுங்கிக்கொள்ளும். ஃபின்களோ மணிபோல் அதிரும். வெப்பம் மிகும்போது கூடுதல் பெட்ரோலைச் செலுத்தி ஹெட்டைக் குளிர்விக்கும் பழைய உத்தியும் இன்று செல்லாது.

விசிறியை மின்சாரத்தில் ஓட்டலாம் என்பீர்கள். 917இன் 17 குதிரைத்திறன் என்பது ஏறக்குறைய 12.5 கிலோவாட். 48 வோல்ட் அமைப்பில் அதற்கு 260 ஆம்பியர் வேண்டும்.

வைகைக்கரை:

மின்விசிறியை நான் 400 வோல்ட்டில் வைத்து யோசித்திருந்தேன். 2024இன் 911 ஜிடிஎஸ் ஹைப்ரிடில் அந்த மின்னழுத்தம் ஏற்கெனவே இருக்கிறது. எஞ்சின் நின்ற பிறகும் விசிறி ஓடும், தேவையில்லாதபோது ஓயும் என்ற நன்மை பெல்ட்டில் கிடைக்காது. ஆனால் அதற்காகப் பேட்டரியைச் சேர்த்தால், ரேடியேட்டரைத் துறந்து மிச்சப்படுத்திய எடையில் ஒரு பகுதி திரும்பி வந்துவிடும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஒலியைப் பற்றிச் சொன்னதற்கும் என்னிடம் முழு விடை இல்லை. ஃபின்களுக்கு இடையே ரப்பர் துண்டுகளைச் செருகுவது பாதி மருந்துதான்.

ஹெட்டைப் பற்றி மட்டும் நான் பின்வாங்க மாட்டேன். ஆறு சிலிண்டர் எஞ்சினை முழுதாகச் செய்து பார்க்க வேண்டாம். 667 சிசியில் ஒற்றைச் சிலிண்டர் சோதனை எஞ்சின் ஒன்றைச் செய்து, முப்பரிமாண அச்சில் செய்த ஹெட்டை மாட்டி, திறனை அளக்கும் டைனமோமீட்டரில் ஓட்டலாம். அது 83 குதிரைத்திறனைத் தர வேண்டும். எந்த அளவுகோலை வைத்தால் நீங்கள் ஏற்பீர்கள்?

கொதிநிலை:

இரண்டு எக்ஸாஸ்ட் சீட்டுகளுக்கு நடுவே, பரப்பிலிருந்து இரண்டு மில்லிமீட்டர் ஆழத்தில் ஒரு வெப்பமானி கம்பியைப் புதையுங்கள். கூடுதல் பெட்ரோல் செலுத்தாமல், முழு உழைப்பில் ஒரு மணி நேரம் ஓட்டியும் 250 டிகிரியைத் தாண்டக் கூடாது; அதற்கு மேல் போனால் வார்ப்பு அலுமினியத்தின் வலிமை வேகமாகச் சரியும். ஆயிலுக்கு எதிர்ப்பு இல்லை. ஆனால் ஆயில் கூலரின் அளவை முன்கூட்டியே அறிவித்துவிட வேண்டும். அது ஒரு ரேடியேட்டரின் அளவுக்கு வளர்ந்துவிட்டால் நான் அதைக் காற்றுக்குளிர்வு என்று ஏற்க மாட்டேன்.

நாமக்கல் பட்டறை:

ஓடி முடித்ததும் ஹெட்டைக் கழற்றி மண்ணெண்ணெயும் சுண்ணாம்புத்தூளும் போட்டுப் பாருங்கள். கம்பி காட்டாததை அது காட்டும்.