பழைய கம்பெனி திரும்பக் கூப்பிடுது: போறதா, 90 நாளை முடிக்கிறதா?

தேரடி: மணலி பக்கம் ஒரு ஃபேப்ரிகேஷன் கம்பெனி. ஆர்டர் இல்லைன்னு ஆட்குறைப்பு. சர்வீஸ் 4 வருஷம், சம்பளம் 18,000. இ.எஸ்.ஐ.யோட (தொழிலாளர் அரசுக் காப்பீடு) அடல் பீமித் வியக்தி கல்யாண் திட்டத்துல, 90 நாள் வரைக்கும் கிடைக்கிற வேலையில்லாப் பணத்துக்கு எழுதிப் போட்டாச்சு. 40-வது நாள் ஃபோன் வருது: "நாளைக்கே வா, ஆனா கான்ட்ராக்டர் பேர்ல, 14,000." என்ன பண்றது?

காசிமேடு கணக்கு: போயிடணும். கடைசி 4 பங்களிப்புக் காலத்து (ஒண்ணு 6 மாசம், ஆக 2 வருஷம்) மொத்தச் சம்பளத்தை 730-ஆல வகுத்து, அதுல பாதிதான் ஒரு நாள் பணம். 4,32,000 ÷ 730 = 592. பாதி 296. மீதி 50 நாளுக்கு 14,800. அதே 50 நாள் வேலைக்குப் போனா 23,000-க்கு மேல. பி.எஃப். பிடிச்சாலும் வேலைதான் லாபம்.

சங்கத்து ஆள்: அண்ணே, உங்க கணக்கு 50 நாளோட நின்னுடுது. கான்ட்ராக்டர் ரோல்னா, அதாவது அவன் ஆள் பட்டியல்ல பேர் இருந்தா, முதலாளியே வேற. 4 வருஷ சர்வீஸ் போச்சு, கிராஜுவிட்டி (பணிக்கொடை) கடிகாரம் மறுபடி பூஜ்யத்துல ஆரம்பிக்கும். ஆட்குறைப்பு பண்ணி ஒரு வருஷத்துக்குள்ள ஆள் எடுத்தா பழைய ஆளுக்குத்தான் முன்னுரிமை. தொழிலுறவுச் சட்டத்தொகுப்பு 72-வது பிரிவு, முன்னாடி தொழில் தகராறு சட்டத்துல 25எச். அதைச் சுத்திப் போகத்தான் கான்ட்ராக்டர் பேர்.

காசிமேடு கணக்கு: மறுத்தா பணம் நின்னுடாதா? அமெரிக்காவுல பொருத்தமான வேலையை மறுத்தா நிறுத்திடறாங்க.

சங்கத்து ஆள்: அது அந்த ஊர்ச் சட்டம். இங்க கேள்வி, அந்த நாள்ல வேலையில இருந்தியா இல்லையா என்பதுதான். ஆனா மறுக்கச் சொல்லலை, எழுதச் சொல்றேன். "நேரடி ரோல், பழைய சம்பளம், சர்வீஸ் தொடர்ச்சின்னா வரத் தயார்" அப்படின்னு ஸ்பீடு போஸ்ட்ல ஒண்ணு, வாட்ஸப்புல ஒண்ணு. ஃபோன்ல மட்டும் பேசினா, நாளைக்கு "கூப்பிட்டோம், வரலை"ம்பாங்க. நேரடி ரோலே கிடையாதுன்னா கம்பெனி பேர்லயே ஃபிக்ஸட் டேர்ம் (இவ்வளவு காலம்னு குறிச்ச வேலை) லெட்டர் கேளு. அதுக்கு ஒரு வருஷத்துலயே கிராஜுவிட்டி உண்டு.

லேத்து: இன்னாத்துக்கு இவ்ளோ பேச்சு? ரெண்டு மாசம் பேர் ஏறாம கைல துட்டு வாங்கிக்கோ. அதுவும் வரும், இதுவும் வரும்.

காசிமேடு கணக்கு: தம்பி, இதுல நானும் சங்கமும் ஒரே கட்சி. பொய்த் தகவல் கொடுத்தா 6 மாசம் வரை சிறைன்னு பழைய இ.எஸ்.ஐ. சட்டத்து 84-வது பிரிவுலயே இருந்தது. அதை விடு. கிரைண்டிங் வீல் உடைஞ்சு கை போச்சுன்னு வை. "அன்னிக்கு நான் வேலையில இல்லை"ன்னு நீயே கையெழுத்துப் போட்ட தாள் கிளை அலுவலக ஃபைல்ல இருக்கும். விபத்துப் பணத்தை எப்படிக் கேப்ப?

சேர்ற நாளுக்கு முந்தின நாள் வரைக்கும்தான் கேக்கணும். வராத நாளுக்கு முன்கூட்டிக் கேக்கவும் முடியாது. சேர்ந்த லெட்டர் நகலோட கிளை மேனேஜருக்கு எழுதிக் கொடுத்து சீல் வாங்கிக்கோ. பழைய இ.எஸ்.ஐ. நம்பர், யூ.ஏ.என். (பி.எஃப். நம்பர்) ரெண்டையும் கான்ட்ராக்டருக்கு எழுத்துல கொடு. அவசரத்துல புது நம்பர் போட்டுட்டா பழைய பங்களிப்பு தனியா தொங்கும்.

சங்கத்து ஆள்: இன்னொண்ணு. கம்பெனி கடைசியா இ.எஸ்.ஐ.க்கு ஏத்தின மாசாந்திரப் பங்களிப்புப் பட்டியல்ல காரணம்னு ஒரு கட்டம் இருக்கும். அதுல "ரிட்ரெஞ்ச்மென்ட்"னு (ஆட்குறைப்பு) இருக்கா, "லெஃப்ட் சர்வீஸ்"னு இருக்கா? ரெண்டாவதுன்னா தானா வேலையை விட்ட மாதிரி தெரியும். அப்படித் தெரிஞ்சா இந்தப் பணத்துக்குச் சிக்கல் வரலாம். சேர்றதுக்கு முன்னாடியே திருத்தச் சொல்லு. சேர்ந்தப்புறம் ஒருத்தனும் திரும்பிப் பார்க்க மாட்டான்.

தேரடி: கட்டத்தைப் பார்க்கணும். ஆட்குறைப்பு நஷ்டஈடு செக்கே இன்னும் வரலை. "சேரும்போது செட்டில்மென்ட் பேப்பர்ல கையெழுத்துப் போடு"ன்னாங்க.

காசிமேடு கணக்கு: அதை முதல்லயே சொல்லக் கூடாதா! நஷ்டஈடு வருஷத்துக்கு 15 நாள் சம்பளம்: 9,000 × 4 = 36,000. ஒரு மாச நோட்டீஸ் கொடுக்கலைன்னா இன்னொரு 18,000. மொத்தம் 54,000. நாளைக்கே போன்னு சொன்னதை வாபஸ் வாங்கிக்கிறேன்.

சங்கத்து ஆள்: அந்தப் பேப்பர்ல "எந்தப் பாக்கியும் இல்லை"ன்னு ஒரு வரி இருக்கும் பாரு. பணம் கணக்குல ஏறாம அதுல பேனா வைக்காதே. தரமாட்டேன்னா தொழிலாளர் துறை சமரச அதிகாரிகிட்ட மனு. அதுவரைக்கும் அந்த 296 ஓடட்டும்.