எல்லா கெப்பாசிட்டரும் பீப் அடித்தபோது

போன மாதம் கடைக்கு ஒரு டெட் செட், அதாவது ஆன் ஆகாத மொபைல், வந்தது. கீழே விழவே இல்லை என்று வாடிக்கையாளர் சத்தியம் செய்தார். பிரேம் மூலை நசுங்கியிருந்தது. பேட்டரிக்குப் பதில் டிசி சப்ளையில் 4 வோல்ட் கொடுத்தேன். பவர் பட்டனைத் தொடும் முன்பே ஒரு ஆம்பியருக்கு மேல் இழுத்தது. சரி, பேட்டரி லைனிலேயே ஷார்ட், கரண்ட் நேராக கிரவுண்டுக்குப் போகிறது.

மீட்டரை பஸ்ஸரில் (இரு முனைக்கும் இணைப்பு இருந்தால் பீப் அடிக்கும் மோடு) வைத்து அந்த லைன் கெப்பாசிட்டர்களைத் தொட்டால் எல்லாமே பீப். ஒரே லைனில் பக்கம் பக்கமாக இணைந்தவை, ஒன்று போனாலும் அத்தனையும் போனதாகத்தான் மீட்டர் காட்டும். தெரிந்தும் அவசரத்தில் நாலைக் கழற்றினேன். எல்லாம் 0201 அளவு, அதாவது 0.6க்கு 0.3 மில்லிமீட்டர். ஒன்று ட்வீசரிலிருந்து தெறித்தே போனது. நாலும் நல்லவை!

பக்கத்துக் கடை அண்ணன் எட்டிப் பார்த்து, "தம்பி, கழட்டுறதை நிறுத்து. ரோசின் புகை காட்டு" என்றார். ரோசின் என்றால் சால்டரிங்குக்குப் பயன்படும் பிசின். சூடான அயர்னை ரோசினில் தொட்டு, புகையில் போர்டைப் பிடித்தோம். விபூதி பூசியது போல வெள்ளையாகப் படிந்தது. சப்ளையை 1 வோல்ட்டுக்குக் குறைத்து லைனில் கொடுத்ததும், சார்ஜிங் ஐசி ஓரத்தில் ஒரே ஒரு கெப்பாசிட்டர் மேல் மட்டும் வெள்ளை உருகிப் பளபளத்தது. அதை எடுத்தேன். டையோடு மோடில், சிவப்பு முனை கிரவுண்டிலும் கறுப்பு முனை லைனிலும் வைத்தால், பூஜ்யமாக இருந்த ரீடிங் 380 காட்டியது, ஷார்ட் போய்விட்டது.

*

உங்களுக்கு நடந்ததற்கு எனக்கு நேர்மாறு. பீப் அடித்தது, ஷார்ட்டே இல்லை. சிபியு பக்கத்துக் காயிலில் பஸ்ஸர் கத்தியதும் பவர் ஐசியைத் தூக்கிவிட்டேன். அப்புறமும் கத்தியது. ஓம்ஸில் வைத்தால் 18 ஓம். சிபியு கோர் லைனில் அவ்வளவு குறைவாக இருப்பது சகஜம். என் மீட்டரோ 50 ஓமுக்குக் கீழே எதற்கும் கத்தும். அன்றிலிருந்து டிஸ்ப்ளே உடைந்த செட் கிடைத்தால் வாங்கி வைத்துக்கொள்கிறேன். அதே மாடல் நல்ல போர்டின் ரீடிங்கோடு ஒப்பிட்ட பிறகுதான் பாகம் கழற்றும் ஹாட் ஏரைத் தொடுவது.

*

ரோசின் புகை எனக்கு ஒத்துக்கொள்ளாது, இருமல்தான். ஐபிஏவை (ஐசோபுரொப்பைல் ஆல்கஹால்) போர்டில் மெல்லிசாகத் தடவிவிட்டு சப்ளை கொடுப்பேன். சூடாகிற இடம் முதலில் காய்ந்துவிடும், கண்ணை மட்டும் எடுக்கக் கூடாது. அது சரி, போன கெப்பாசிட்டருக்குப் பதில் வேறு போட்டீர்களா?

*

போட்டேன், டோனர் போர்டிலிருந்து, அதாவது உதிரிக்கு வைத்திருக்கும் போர்டிலிருந்து எடுத்து. அந்த லைனில் ஒன்று இல்லாவிட்டாலும் ஓடும், ஆனால் மனசு கேட்கவில்லை. நான் கழற்றிய நாலில் மூன்றையும் திருப்பி வைத்தாயிற்று. தெறித்தது இன்னும் கடைத் தரையில்தான் எங்கோ கிடக்கிறது.