சாதனவாரியாக டேட்டா கணக்கு: ரவுட்டரில் 9 ஜிபி, போர்ட்டலில் 41 ஜிபி. மிச்சம் எங்கே?

கம்பிவலை:
ஃபைபர் இணைப்பு, 200 எம்பிபிஎஸ். மாதம் 1,000 ஜிபி தாண்டினால் வேகம் இறங்கிவிடும். 25ஆம் தேதிக்குள்ளேயே தீர்ந்துபோகிறது. யார் இழுக்கிறார்கள் என்று பார்க்க ஓபன்டபிள்யூஆர்டி (ரவுட்டருக்கான திறந்த மென்பொருள்) ஓடும் ரவுட்டரில், சாதனவாரியாக டேட்டா எண்ணும் என்எல்பிடபிள்யூமான் (nlbwmon) போட்டிருக்கிறேன். நேற்றைய கணக்கு: இணைப்பு கொடுத்தவர்களின் போர்ட்டலில் 41 ஜிபி, என்எல்பிடபிள்யூமானில் எல்லாச் சாதனமும் சேர்த்து 9 தான். அதிலும் 7 ஜிபி ஒரே பெயரில், அது மாடியில் இருக்கும் இன்னொரு ரவுட்டர். கரண்ட் போய் வந்தால் பழைய கணக்கும் காணோம்.

பச்சைவிளக்கு:
லேப்டாப்பில் நெட்வொர்க் பாக்கெட்டைப் பிடித்துக் காட்டும் ஒயர்ஷார்க் ஓடவிட்டுப் பாருங்க ப்ரோ, எல்லாம் தெரியும்.

முடிச்சு:
தெரியாதுங்க. மற்ற சாதனங்களின் பாக்கெட்டை ஸ்விட்ச் உங்க லேப்டாப் போர்ட்டுக்கு அனுப்பாது. கணக்கு எடுக்க ஒரே இடம், எல்லாருடைய டிராஃபிக்கும் கடந்துபோகும் ரவுட்டர்தான்.

கம்பிவலை, உங்களுக்கு இரண்டு தனித்தனிக் கோளாறு. முதலில் காணாமல்போன 32 ஜிபி. 'நெட்வொர்க் > ஃபயர்வால்' பக்கத்தில் ஃப்ளோ ஆஃப்லோடிங் (வேகத்துக்காகப் பாக்கெட்டைக் குறுக்கு வழியில் அனுப்பும் வசதி; சாஃப்ட்வேர், ஹார்ட்வேர் என்று இரண்டு வகை) ஆன் ஆகியிருக்கும், பாருங்க. என்எல்பிடபிள்யூமான் மானிட்டர், ரவுட்டர் மென்பொருளின் மையமான கெர்னலின் கனெக்‌ஷன் டிராக்கிங் எண்ணிக்கையைத்தான் (ஒவ்வொரு இணைப்பிலும் எவ்வளவு போனது என்ற பதிவு) படிக்கிறது. ஹார்ட்வேர் ஆஃப்லோடு ஆனில் இருந்தால் ஒரு இணைப்பின் முதல் சில பாக்கெட்டோடு சரி, மிச்சமெல்லாம் சிப்பிலேயே குறுக்கு வழியில் போய்விடும். நீண்ட நேரம் ஓடும் வீடியோ, கேமரா, பெரிய டவுன்லோடுதான் அதிகம் விடுபடும். இரண்டு வகை ஆஃப்லோடிங்கையும் ஆஃப் செய்து, ரவுட்டரை ஒருமுறை ரீபூட் பண்ணுங்க.

அடுத்தது மாடி. அந்த ரவுட்டர் தனியாக நேட் போடுகிறது, அதாவது தன் சாதனங்களின் முகவரியை மறைத்துத் தன் முகவரியில் அனுப்புகிறது. அதற்குப் பின்னால் பத்துப் பேர் இருந்தாலும் கீழே ஒரே ஆளாகத்தான் தெரியும். அதன் டிஹெச்சிபி சர்வரை (சாதனங்களுக்கு ஐபி முகவரி கொடுப்பது) நிறுத்தி, ஐபியை 192.168.1.2 என்று மாற்றுங்க (கீழ் ரவுட்டர் கொடுக்கும் முகவரி வரிசை வழக்கமாக 192.168.1.100இல் தொடங்கும், மோதாது). பிறகு கேபிளை வேன் (WAN, இணையம் வரும்) போர்ட்டிலிருந்து பிடுங்கி லேன் (LAN, வீட்டுச் சாதனங்களுக்கான) போர்ட்டில் செருகுங்க. ரவுட்டரை வெறும் வைஃபை கொடுப்பானாக மாற்றும் 'ஆக்சஸ் பாயிண்ட் மோடு' இருந்தால் அது இன்னும் சுலபம். அதில் கேபிள் எந்த போர்ட் என்று மட்டும் மேனுவலில் பார்த்துக்குங்க.

கம்பிவலை:
ஆஃப்லோடிங்கை நிறுத்தினால் வேகம் குறையாதா?

முடிச்சு:
200க்குப் பெரும்பாலும் தாங்கும். ஸ்பீட் டெஸ்ட் ஓடும்போது சிபியு லோடைப் பாருங்க. முட்டினால் சாஃப்ட்வேர் ஆஃப்லோடை மட்டும் திரும்பப் போட்டு, 1 ஜிபி ஃபைல் ஒன்றை ஒரே சாதனத்தில் இறக்கிப் பாருங்க. ஹெடர் (பாக்கெட்டின் முகவரித் தகவல்) சேர்ந்து மானிட்டரில் 3, 4 சதவீதம் கூடுதலாக ஏறினால் கணக்கு சரி. 200 எம்பி மட்டும் ஏறினால் உங்க வெர்ஷனில் அதுவும் ஆகாது.

நடுக்கம்பம்:
ஃபைபர் பெட்டியின் சொந்த வைஃபையையும் அணைத்துவிடுங்க. டிவி அதில் ஒட்டிக்கொண்டிருந்தால் எந்தக் கணக்கிலும் வராது.

ஒரே ஃபோன் இரண்டு பெயரில் வந்தால் குழம்பவேண்டாம். ஆண்ட்ராய்டு 10, ஐஓஎஸ் 14 முதல் ஒவ்வொரு வைஃபை பெயருக்கும் ஒரு போலி மேக் முகவரி (சாதனத்தை நெட்வொர்க்கில் அடையாளம் காட்டும் எண்). 2.4 ஜிகாஹெர்ட்ஸ் வைஃபைக்கும் 5 ஜிகாஹெர்ட்ஸ் வைஃபைக்கும் தனித்தனிப் பெயர் வைத்திருந்தால் ஃபோனும் இரண்டாகும். முகவரியின் இரண்டாவது எழுத்து 2, 6, ஏ, ஈ என்றிருந்தால் அது போலி. ஃபோனில் அந்த வைஃபையின் பிரைவசி அமைப்பில் சாதனத்தின் சொந்த மேக்கைத் தேர்ந்தெடுக்கலாம்.

கரண்ட் போனால் பழைய கணக்கு காணாமல்போகும் விஷயம்: மானிட்டரின் டேட்டாபேஸ் இருப்பது ரேமில். அட்வான்ஸ்டு செட்டிங்ஸில் டேட்டாபேஸ் டைரக்டரியை பென்டிரைவுக்கு மாற்றி, 24 மணி நேரமாக இருக்கும் கமிட் இடைவெளியை (கணக்கை டேட்டாபேஸில் எழுதும் இடைவெளி) 1 மணியாக்குங்க. ரவுட்டரின் உள் ஃபிளாஷில் அடிக்கடி எழுதவிடாதீங்க, சீக்கிரம் தேயும்.

கம்பிவலை:
எல்லாம் செய்தாச்சு. இன்று போர்ட்டலில் 41, இங்கே 38.2. மாடியில் ஒரு சாதனம் மட்டும் அப்லோடில் 20 ஜிபி. டவுன்லோடு ஒன்றுமே இல்லை.

முடிச்சு:
அந்த 3 ஜிபி தொலையவில்லை. மானிட்டர் 1024 கணக்கு, போர்ட்டல் 1000 கணக்கு. ஜிபி அளவில் 7 சதவீத வித்தியாசம் வரும்.

அப்லோடு மட்டும் என்றால் கிளவுடுக்கு அனுப்பும் கேமராவாக இருக்கும். 2 எம்பிபிஎஸ் நாள் முழுக்க ஓடினால் 21.6 ஜிபி, மாதம் 650ஐ நெருங்கும். பல திட்டங்களில் அப்லோடும் வரம்பில் சேரும்.

கம்பிவலை:
கேமராதான். என்ன மாற்றணும்?

நடுக்கம்பம்:
கிளவுடுக்கு சப் ஸ்ட்ரீம் (கேமரா தரும் தரம் குறைந்த வீடியோ), 512 கேபிபிஎஸ், நாளுக்கு 5.5 ஜிபியில் நிற்கும். முழுத் தர மெயின் ஸ்ட்ரீம் கேமராவின் எஸ்டி கார்டில் பதியட்டும். அசைவு தெரிந்தால் மட்டும் அனுப்பும் அமைப்பு இருந்தால் இன்னும் குறையும். ஆனால் தெருவைப் பார்த்த கேமரா என்றால் வண்டி போனாலே அசைவுதான், வாசல் பகுதியை மட்டும் கட்டம் போட்டுக் கொடுங்க.