மாடியில் கல் இச்சி போன்சாய்: அடிமரம் பருக்கவே மாட்டேன் என்கிறது

அஸ்தம்பட்டி மாடி:
வணக்கம். பழைய கிணற்றுச் சுவரில் முளைத்திருந்த கல் இச்சிக் கன்று (ஆல், அரசு இனம்தான்) ஒன்று, சில வருடமாகச் சேலத்தில் எங்கள் மொட்டை மாடியில் தட்டையான பீங்கான் தொட்டியில் போன்சாயாக, அதாவது குட்டை மரமாக, இருக்கிறது. நுனி கிள்ளிக் கிள்ளி இலையெல்லாம் அழகாகச் சிறுத்துவிட்டது, ஆனால் அடிமரம் இன்னும் பென்சில் கனம்தான். சித்திரை வெயிலில் இலை ஓரம் வேறு கருகுகிறது. ஏற்காட்டில் சித்தப்பா வீடு இருக்கிறது, அங்கே கொண்டுபோய் வைத்தால் பருக்குமா? அப்படியே அங்கே ஜூனிபர் என்கிற குளிர்நாட்டு ஊசியிலை மரம் ஒன்றும் வாங்கி வைக்கலாம் என்று ஆசை. மாமியார் வேறு, ஆல் அரசு வகையெல்லாம் வீட்டுக்கு ஆகாது என்கிறார்.

சூரமங்கலத்தான்:
ஏற்காடு எல்லாம் வேண்டாங்க. உங்கள் செடிக்குக் குறை ஊரில் இல்லை, தொட்டியில் இருக்கிறது. தட்டைத் தொட்டி என்பது மரம் தயாரான பிறகு கடைசியாக ஏற வேண்டிய மேடை. அதில் முதல் நாளே ஏற்றி, வளர்கிற நுனியை எல்லாம் கிள்ளிக்கொண்டே இருந்தால் அடிமரம் எதை வைத்துப் பருக்கும்? மரம் பருப்பது மேலே இலையும் கிளையும் தாறுமாறாக ஓடும்போதுதான்.

காய்கறி ஏற்றுகிற பிளாஸ்டிக் கூடை ஒன்று எடுத்து உள்ளே நிழல்வலையை விரித்து அதில் மாற்றுங்கள். வேர் ஓட்டை வழியாக வெளியே எட்டிப் பார்க்கும், காற்று பட்டு நுனி காயும், உள்ளே பக்கவேர் நிறைய கிளைக்கும். வேருக்கு நேர் கீழே ஒரு ஓட்டுத் துண்டு வையுங்கள், கீழே இறங்காமல் நாலா பக்கமும் படரும். சுவரில் முளைத்த கன்று என்பதால் வேர் ஏற்கெனவே தட்டையாகத்தான் இருக்கும், அந்த வகையில் நீங்கள் அதிர்ஷ்டசாலி. அப்புறம், அடியில் இருக்கிற கிளை ஒன்றை மட்டும் தொடவே தொடாதீர்கள். அது ஆள் உயரம் போனாலும் போகட்டும், அடிமரம் போதும் என்கிற கனம் வந்த பிறகு அதை அறுத்துவிடலாம். பார்க்க அசிங்கமாகத்தான் இருக்கும், வருகிறவர்கள் இதுவா போன்சாய் என்று கேட்பார்கள், கேட்கட்டும்.

மண்: செங்கல்லை உடைத்துச் சலித்து, தூளைக் கொட்டிவிட்டு, மிளகிலிருந்து கொண்டைக்கடலை அளவு வரை உள்ளதைப் பாதிக்கு மேல் போடுங்கள், மீதி மட்கிய எருவும் கொஞ்சம் தேங்காய் நார்க்கழிவும். ஜப்பான்காரர்கள் போன்சாய்க்குப் போடும் அகடாமா என்கிற களிமண் உருண்டையை வரவழைக்கிற காசுக்கு இங்கே ஒரு லோடு செங்கல் இறக்கலாம்.

நாகலூர் காபித்தோட்டம்:
மலையில் இருந்து சொல்கிறேன். ஏற்காடு 1500 மீட்டர் உயரம், சேலம் 300-க்கும் கீழே. இச்சிக்கு வெயிலும் வெக்கையும்தான் வளர்ச்சி, இங்கே கொண்டுவந்தால் மார்கழி, தையில் சும்மா உட்கார்ந்திருக்கும். சேலத்திலேயே இருக்கட்டும். இலை கருகுவதற்குக் காரணம் பெரும்பாலும் தொட்டி சூடாகி வேர் வேகுவது, அதனால் சிமெண்ட் தளத்தில் நேரே வைக்காமல் செங்கல் மேல் தூக்கி வைத்து, கோடையில் தொட்டியைச் சுற்றி ஈரச்சாக்கு கட்டுங்கள். போர் தண்ணீர் உப்பு என்றால் மழைநீர் பிடித்து ஊற்றுங்கள்.

ஜூனிபர் குளிர்காலத்தில் நன்றாக ஓய்வெடுத்துப் பழகிய மரம். எங்கள் குளிர் சால்வைக் குளிர்தான், அதற்குப் போதாது. செத்துப்போகும் என்று சொல்லவில்லை, ஆனால் முதல் மரமாக அதை வாங்காதீர்கள். புளி, காகிதப்பூ இரண்டும் உங்கள் மாடிக்கே பொருத்தம். அப்புறம் ஒன்று, சேர்வராயன் மலையில் ரிசர்வ் காட்டில் இருந்து கன்று பிடுங்கிவரலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், அது குற்றம்.

வேடிக்கை பார்ப்பவன்:
கம்பி சுற்றி, கிளை வெட்டி, வேர் வெட்டி... பாவம் அந்த மரம். தரையில் விட்டால் நிழலாவது தரும்.

சூரமங்கலத்தான்:
தரையில் இருக்கிற வேலிச்செடியையும் மல்லிகையையும் வெட்டாமலா விடுகிறீர்கள் நண்பரே. ஜப்பானில் 1625 முதல் போன்சாயாக வளர்ந்து, யமாகி குடும்பம் தலைமுறைகளாகப் பராமரித்த வெள்ளைப் பைன் ஒன்று, 1945-ல் ஹிரோஷிமாவில் குண்டு விழுந்தபோது அந்த ஊரிலேயே இருந்து தப்பி, 1976-ல் அமெரிக்காவுக்குப் பரிசாகப் போய், இன்றும் வாஷிங்டனில் தொட்டியில்தான் இருக்கிறது. சித்திரவதை செய்த மரம் இத்தனை தலைமுறை தாண்டாது.

மாமியார் விஷயம்: ஆலும் அரசும் வீட்டுக்கு ஆகாது என்றதில் நியாயம் உண்டு, வேர் சுவரைப் பிளந்துவிடும். அதனால்தான் தரையில் நடச் சொல்லாமல் கூடையைச் சொன்னேன். கூடையை மட்டும் சுவரை ஒட்டி வைக்காதீர்கள்.

அஸ்தம்பட்டி மாடி:
ரொம்ப நன்றி அண்ணா. ஜூனிபர் ஆசையை விட்டுவிட்டேன். கூடைக்கு இப்போதே மாற்றலாமா? மேல் கிளையில் சுற்றிய அலுமினியக் கம்பி இன்னும் இருக்கிறது.

சூரமங்கலத்தான்:
ஆடிக்காற்று அடங்கட்டும், ஆவணி மழை தொடங்கியதும் மாற்றுங்கள். வேரை ரொம்ப வெட்ட வேண்டாம், வெட்டினால் பால் வரும், பயப்படாதீர்கள். கம்பியை இன்றைக்கே எடுங்கள். இச்சி வேகமாகப் பருக்கிற மரம், தழும்பு பட்டால் வருடக்கணக்கில் போகாது. சுற்றைப் பிரித்து எடுக்காமல் ஒவ்வொரு வளையமாக வெட்டி எடுங்கள், பிரிக்கும்போதுதான் கிளை ஒடியும்.