வாக்கியம் முடிந்ததும் ஒரு ஸ்பேஸா, இரண்டா? உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

தொடங்கியவர்:

இந்தச் சண்டை தட்டச்சுப் பொறியோடு முடிந்துபோனது என்றுதான் நினைத்திருந்தேன். இமாக்ஸ் என்ற டெக்ஸ்ட் எடிட்டர் பக்கம் வந்த பிறகுதான் அது இன்னும் உயிரோடு இருப்பது தெரிந்தது. நீளமான பத்தி ஒன்றில் நடுவே இருந்த ஒரு வாக்கியத்தை நீக்க ஆல்ட்-கே அடித்தேன். அங்கிருந்து பத்தியின் கடைசிவரை எல்லாம் போய்விட்டது. அன்டூ செய்து மறுபடி அடித்தாலும் அதே கதை.

காரணத்தைத் தேடினால், இமாக்ஸின் இயல்பான கணக்கே வேறு. முற்றுப்புள்ளிக்குப் பின் இரண்டு ஸ்பேஸ் இருக்க வேண்டும், அல்லது அங்கே வரி முடிய வேண்டும். அப்போதுதான் அதற்கு அது வாக்கிய முடிவு. ஒரே ஸ்பேஸ் என்றால் ஏதோ சுருக்கக்குறி என்று கடந்துபோய்விடும். நம்மில் பலர் ஒரு ஸ்பேஸ்தான் அடிக்கிறோம். அதனால் முழுப் பத்தியும் அதற்கு ஒரே வாக்கியம்.

சென்டென்ஸ்-எண்ட்-டபுள்-ஸ்பேஸ் என்ற அமைப்பு மாறியை நில் (அதாவது 'இல்லை') என்று வைத்ததும் அந்தத் தொல்லை தீர்ந்தது, அடுத்தது ஆரம்பித்தது. உ. வே. சாமிநாதையர் என்று எழுதினால் கர்சர் உ-வுக்குப் பின் ஒரு முறை, வே-வுக்குப் பின் ஒரு முறை நிற்கிறது. ஒருவர் பெயருக்குள் மூன்று வாக்கியம்! போதாததற்கு, ஆல்ட்-க்யூ அடித்துப் பத்தியை ஒழுங்குபடுத்தினால் முதலெழுத்துகள் ஒரு வரியிலும் பெயர் அடுத்த வரியிலுமாகப் பிரிகின்றன. பழைய அமைப்பில் அது நடக்கவே நடக்காது. ஒற்றை ஸ்பேஸ் உள்ள புள்ளிக்குப் பின்னால் இமாக்ஸ் வரியை உடைப்பதில்லை. இரட்டை ஸ்பேஸ் கண்ணுக்காக அல்ல, எடிட்டருக்காக என்பது அப்போதுதான் உறைத்தது. நீங்கள் எல்லோரும் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

பேட்ச் அனுப்பிப் பார்த்தவர்:

ஒரு கட்டற்ற மென்பொருள் திட்டத்துக்கு நான் அனுப்பிய பேட்ச் (நிரல் திருத்தம்) திரும்பி வந்தது. நிரலில் குறையே இல்லை. நிரலுக்குள் எழுதும் விளக்கக் குறிப்பில், அதாவது கமெண்டில், வாக்கியங்களுக்கு நடுவே ஒரு ஸ்பேஸ்தான் இருக்கிறதாம். முதலில் எரிச்சலாகத்தான் இருந்தது. அப்புறம் இமாக்ஸை உருவாக்கும் குனூ திட்டத்தின் நிரலாக்க விதிமுறைகளை எடுத்துப் பார்த்தேன். அதில் நேரடியாகவே இருக்கிறது: கமெண்டில் வாக்கிய முடிவில் இரண்டு ஸ்பேஸ் விடுங்கள், இமாக்ஸின் வாக்கியக் கட்டளைகள் வேலை செய்ய அது வேண்டும் என்று. காரணத்தையும் சேர்த்துச் சொல்லும் விதி என்பதால் மறுபேச்சில்லாமல் மாற்றி அனுப்பினேன். அந்த ஒரு வரியை ரிவ்யூ செய்தவர் எழுதியிருந்தால் எனக்கு ஒரு மாலை மிச்சமாகியிருக்கும்.

விம் பயனர்:

எங்கள் விம் எடிட்டர் பக்கம் இவ்வளவு பாடு இல்லை. அடைப்புக்குறி விசைகளால் வாக்கியம் வாக்கியமாகத் தாவ விம்முக்கு ஒரு ஸ்பேஸே போதும். அதன் முன்னோடியான பழைய வி-யைப் போல இரண்டு கேட்க வேண்டுமானால் சிபிஆப்ஷன்ஸ் என்ற அமைப்பில் பெரிய ஜே-யைச் சேர்க்க வேண்டும். உங்கள் உ. வே. சா. பிரச்சினை எங்களுக்கும் உண்டு, அதற்குத் தப்ப முடியாது. இன்னொன்று: ஜாயின்ஸ்பேசஸ் அமைப்பு இயங்கிக்கொண்டிருந்தால், வரிகளை இணைக்கும்போது புள்ளிக்குப் பின் அதுவே இரண்டு ஸ்பேஸ் போட்டுவிடும். ஒரே கோப்பில் இரண்டு வழக்கமும் கலந்திருந்தால் முதலில் இதைச் சந்தேகப்படுங்கள்.

மெய்ப்புத் திருத்துபவர்:

எனக்கு வரும் கோப்புகளில் மூன்று, நான்கு ஸ்பேஸ்கூட இருக்கும். ஆங்கிலத்தில் எழுதுகிறவர்களிடம் இது விதியோடும் கலந்து வரும். அமெரிக்க உளவியல் சங்கத்தின் (ஏபிஏ) நடைக் கையேடு 2009-இல் வந்த ஆறாம் பதிப்பில், அச்சுக்கு முந்தைய பிரதிக்கு இரண்டு ஸ்பேஸ் விடச் சொன்னது. 2019-இல் வந்த ஏழாம் பதிப்பில் ஒன்று போதும் என்று மாற்றிக்கொண்டது. 2020-இல் மைக்ரோசாஃப்ட் வேர்டும் இரட்டை ஸ்பேஸைப் பிழையாகக் கோடிட்டுக் காட்டத் தொடங்கியது. என் வேலை அதில் பாதி குறைந்தது.

ஆனால் ப்ளெயின் டெக்ஸ்ட், அதாவது வெறும் எழுத்துகள் மட்டுமே உள்ள கோப்பு, வேறு உலகம். எங்கள் குழுவில் ஒருவர் ஒரு பெரிய ஆவணத் தொகுப்பு முழுவதிலும் 'இரண்டு ஸ்பேஸுக்குப் பதில் ஒன்று' என்று ரீப்ளேஸ் ஆல் அடித்தார். எளிய குறிகளாலேயே வடிவமைப்பைக் காட்டும் மார்க்டவுனில் உள்ளே தள்ளியிருந்த துணைப்பட்டியல்கள் எல்லாம் வெளியே வந்து முதல் பட்டியலோடு சேர்ந்துகொண்டன. ஸ்பேஸ் வைத்து நேராக்கியிருந்த அட்டவணைகள் கோணின. இதெல்லாம் திறந்ததும் தெரிந்துவிட்டது. தாமதமாகத் தெரிந்தது கவிதைப் பகுதி. மார்க்டவுனில் வரியின் கடைசியில் இரண்டு ஸ்பேஸ் இருந்தால்தான் அங்கே வரி உடையும். அது ஒன்றானதும் அடிகள் எல்லாம் உரைநடைபோல ஒட்டிக்கொண்டன. கோப்பைத் திறந்து பார்த்தால் வித்தியாசமே தெரியாது, வெளியீட்டில்தான் தெரியும். வரிக்கடைசி ஸ்பேஸைத் தானாக நீக்கும் வசதியை எடிட்டரில் வைத்திருப்பவர்களுக்கும் இதே கதிதான். காமன்மார்க் என்ற மார்க்டவுன் தரத்தைப் பின்பற்றும் கருவி என்றால் வரிக்கடைசியில் பின்சாய்கோடு (\) போடுங்கள், அதை எந்த எடிட்டரும் துடைத்துவிடாது.

இப்போது நான் தேடுவது, முற்றுப்புள்ளி, கேள்விக்குறி, வியப்புக்குறி ஆகியவற்றுக்குப் பின் பல ஸ்பேஸ் வந்து, அதன்பின் அதே வரியில் ஓர் எழுத்து தொடரும் இடங்களை மட்டும். அதையும் ஒவ்வொன்றாகப் பார்த்துத்தான் மாற்றுவேன்.

லாடெக் பயனர்:

தொடங்கியவர் சொன்ன முதலெழுத்துத் தொல்லைக்கு, லாடெக்கின் அடித்தளமான டெக் என்ற அச்சுக்கோப்பு மென்பொருளில் ஒரு கூடுதல் வேடிக்கை உண்டு. நீங்கள் எத்தனை ஸ்பேஸ் அடித்தாலும் டெக்குக்கு ஒன்றுதான், இணைய உலாவிகளைப் போலவே. ஆனால் புள்ளிக்குப் பின்னால் வரும் இடைவெளியை அதுவே கொஞ்சம் அகலமாக்கும். ஆங்கிலத்தில் புள்ளிக்கு முன்னால் பெரிய எழுத்து இருந்தால் அதைப் பெயரின் முதலெழுத்து என்று எடுத்துக்கொண்டு அகலமாக்காது. தமிழில் பெரிய எழுத்து ஏது? லாடெக்கின் ஒரு வகையான ஜீலாடெக்கில் மு. வ. என்று எழுதினால் வரியைச் சமன்படுத்தும்போது மு-வும் வ-வும் விலகி நிற்கும். பெயர்ப்பட்டியல் உள்ள பக்கங்களில் அசிங்கமாகவே தெரியும்.

கோப்பின் தொடக்கத்தில் அமைப்புகளை எழுதும் பகுதியில் (பிரீஆம்பிள்) பிரெஞ்ச்ஸ்பேசிங் கட்டளையைப் போட்டுவிட்டால் எல்லா இடைவெளியும் ஒரே அளவாகிவிடும். முதலெழுத்துகளுக்கு நடுவே ஸ்பேஸுக்குப் பதில் டில்டே குறி (~) போட்டால் பெயர் இரண்டு வரியாக உடையாது. தமிழ் ஆவணங்களுக்கு இரண்டையும் செய்துவிடுகிறேன்.

தொடங்கியவர்:

இது எனக்குத் தோன்றவே இல்லை. ஆங்கிலத்துக்காவது பெரிய எழுத்து என்று ஓர் அடையாளம் உண்டு. நமக்குப் புள்ளியும் ஸ்பேஸும்தான். அப்படியென்றால் இரட்டை ஸ்பேஸ் ஆங்கிலத்தைவிடத் தமிழுக்குத்தான் அதிகம் பயன்படும் போலிருக்கிறதே?

ஆவணங்கள் எழுதுபவர்:

பயன்படும், ஆனால் கூட எழுதுகிற எல்லோரும் அடிக்க வேண்டுமே! நான் அந்த வாதத்தையே விட்டுவிட்டு வரிக்கு ஒரு வாக்கியம் என்று எழுதுகிறேன். புதிய யோசனை இல்லை. யூனிக்ஸ் இயங்குதளத்துக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக பிரையன் கெர்னிகன் 1974-இல் எழுதிய அறிமுகத்திலேயே, ஒவ்வொரு வாக்கியத்தையும் புதிய வரியில் தொடங்குங்கள் என்ற அறிவுரை உண்டு. யூனிக்ஸின் ஆவண வடிவமைப்பு நிரலான டிராஃப் இதைத்தான் எதிர்பார்க்கிறது. வரிக்கடைசியில் புள்ளி இருந்தால் அதற்கு அது வாக்கிய முடிவு. இமாக்ஸுக்கும் அப்படியே என்பதால் நீங்கள் எந்த மாறியையும் தொட வேண்டாம்.

எனக்குப் பெரிய லாபம், கோப்பின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட்டில். ஒரு வாக்கியத்தைத் திருத்தினால், மாற்றங்களைக் காட்டும் டிஃபில் அந்த ஒரு வரி மட்டும் வரும். பத்தியாக எழுதிய காலத்தில் ஒரு சொல்லை மாற்றி ஆல்ட்-க்யூ அடித்தால் பத்தி முழுக்கச் சிவப்பும் பச்சையுமாக நிற்கும், எது மாறியது என்று யாருக்கும் தெரியாது.

இரண்டு எச்சரிக்கை. இப்படி எழுதிய கோப்பில் ஆல்ட்-க்யூ அடிக்காதீர்கள், வரிகளை எல்லாம் ஒட்டிவிடும். அப்புறம், டிராஃப் கோப்பில் 'திரு.' போன்ற சுருக்கம் வரிக்கடைசியில் நிற்கக் கூடாது. வேறு வழியில்லை என்றால் அதன்பின் ஒரு பின்சாய்கோடும் ஆம்பர்சேண்டும் (\&) போடுங்கள், வாக்கியம் முடியவில்லை என்று புரிந்துகொள்ளும்.