புது லப்டொப்: சார்ஜரைக் கழற்றினால் திரை வெளிச்சம் ஏறி இறங்குகிறது

கோப்பாய் ரீச்சர்:
போன கிழமை கஸ்தூரியார் வீதியில் வாங்கியது. இன்டெல், விண்டோஸ் 11. சார்ஜரில் இருக்கும்வரை ஒரு குறையும் இல்லை. கரண்ட் போய் பற்றரியில் ஓடத் தொடங்கினால்தான் கூத்து. வேர்ட்டில் வெள்ளைப் பக்கம் திறந்தால் வெளிச்சம் மெல்ல ஏறுகிறது. இருட்டுக் காட்சியுள்ள வீடியோ போட்டால் இறங்குகிறது. பிரைட்னஸ் அளவோ நின்ற இடத்திலேயே நிற்கிறது. வினாத்தாள் அடிக்க உட்கார்ந்தால் கண் கூசுகிறது. கடைக்காரர் கொழும்புக்கு அனுப்பவேண்டும் என்கிறார். தவணைப் பரீட்சை வரும் நேரத்தில் எப்படிக் கொடுப்பது?

சுன்னாகம் பெடியன்:
கிராபிக்ஸ் டிரைவரின் (திரையில் படம் காட்ட வைக்கும் மென்பொருளின்) கோளாறாய் இருக்கும், அக்கா. விண்டோஸ், கன்ட்ரோல், ஷிப்ட், பி நாலையும் சேர்த்து அமத்துங்கோ. திரை ஒருக்கா கறுத்து வரும், கிராபிக்ஸ் டிரைவர் திரும்பத் தொடங்கும்.

பழுதுபார்ப்பவன்:
தம்பி சொன்னதால் கெடுதல் இல்லை, ஆனால் இது அதுவல்ல. பற்றரியில் மட்டும், அதுவும் திரையில் இருப்பதைப் பார்த்து வெளிச்சம் மாறுகிறதென்றால் அது மின்சாரம் மிச்சம் பிடிக்கும் வேலை. படம் இருட்டாக இருந்தால் பின்விளக்கைக் குறைத்துவிட்டு, படத்தின் நிறத்தைக் கொஞ்சம் தூக்கிக் காட்டும். கண்ணுக்குத் தெரியாது என்று நினைத்துச் செய்கிறார்கள், எங்களுக்குத்தான் தெரிகிறதே!

ரீச்சர், செட்டிங்ஸில் சிஸ்டம், டிஸ்பிளே போங்கோ. பிரைட்னஸுக்குப் பக்கத்து அம்புக்குறியை அமத்தினால் 'சேஞ்ச் பிரைட்னஸ் பேஸ்ட் ஒன் கொன்டென்ட்' என்று வரும். அதை ஓஃப் பண்ணுங்கோ. அது இல்லாவிட்டால் இன்டெல் கிராபிக்ஸ் கொமாண்ட் சென்டர் என்ற செயலியில் சிஸ்டம், பவர் போங்கோ. அங்கே பற்றரிக்குரிய 'டிஸ்பிளே பவர் சேவிங்ஸ்'ஐ நிறுத்துங்கோ. இன்டெலுக்குப் பதிலாக ஏஎம்டி சிப் உள்ள மெஷின்களில் இதற்கு வேரி-பிரைட் என்று பெயர்.

அதற்கும் அடங்காவிட்டால் பற்றரியிலேயே பயோஸுக்குள் (விண்டோஸ் தொடங்கமுன் திறக்கக்கூடிய அமைப்புத் திரைக்குள்) போய்ப் பாருங்கோ. அங்கே விண்டோஸ் கிடையாது. அங்கேயும் வெளிச்சம் ஆடினால் திரைப் பனல் அல்லது அதன் கேபிள் பழுது, அப்போது கொழும்புதான்.

நல்லூர் அண்ணை:
எதைச் செய்தாலும் அடிமூடியைக் கழற்ற விடாதேங்கோ. சீல் கிழிந்தால் வாரண்டி சண்டை வேறு.

கோப்பாய் ரீச்சர்:
முதல் வழியில் பாதிதான் நின்றது. இன்டெலில் நிறுத்தியதும் முழுதாய்ச் சரி. பற்றரி கெதியாய் இறங்குமோ?

பழுதுபார்ப்பவன்:
கொஞ்சம் இறங்கும். பிரைட்னஸை நீங்களே ஒரு படி குறைத்து வையுங்கோ.